சுட்ட துப்பாக்கிகளும் ஒரு சாமி வெடியும்

எனக்குத் துப்பாக்கி சுடப் பிடிக்கும். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இனி நான் எழுதப்போவதைப் படித்துவிட்டு, யாரோ ஒரு பயந்தாங்கொள்ளிக் கிராணி உட்கார்ந்து புலம்புகிறான் என்று எவரும் நினைத்துவிடக் கூடாது. மலாயாவில் ஒரு ரப்பர் தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதுவதுதான் என் உத்தியோகம். அவசரகாலம் வந்து, காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்ட்டுகள் தோட்டத்துக்குள் நுழைந்து சுட ஆரம்பித்ததும், பேனா பிடித்த கை, பால்வெட்டுக் கத்தி பிடித்த கை என்று பாராமல் எல்லார் கையிலும் சர்க்கார் ஒரு துப்பாக்கியைத் திணித்தது. என் கையிலும் திணித்தது. நானும் சந்தோஷமாகவே வாங்கிக்கொண்டேன்.

அதற்கு முன்பே துரையின் இரட்டைக்குழல் துப்பாக்கியை ஒருமுறை சுட்டுப் பார்த்திருந்தேன். பழந்தின்னி வௌவால் ஒன்றைக் குறிபார்த்து இரண்டு விசையையும் சேர்த்து இழுத்துவிட்டேன். வௌவால் பறந்துபோனது, விழுந்தது நான்தான். தோள் கன்றிப்போய் ஒரு வாரம் என் மனைவி மஞ்சள் பற்றுப் போட்டாள். பிறகு ஸ்டென் கன் கொடுத்தார்கள். அதைச் சுட ஒரு சாமர்த்தியமும் வேண்டாம். விசையை அழுத்தினால் குழாயில் தண்ணீர் கொட்டுவது போலக் குண்டுகள் கொட்டும், எங்கே போய் விழும் என்பது அதற்கே தெரியாது. கைதவறிக் கீழே போட்டால் தானாகவே சுடும் என்று சொன்னதால் நான் அதை மேஜைமேல் வைப்பதற்கே பயந்தேன்.

என் மனசுக்குப் பிடித்தது த்ரீ நாட் த்ரீ ரைபிள். ஒவ்வொரு குண்டுக்கும் போல்ட்டின் பிடியை மேலே தூக்கி, பின்னால் இழுத்து, முன்னால் தள்ளி, கீழே அமுக்க வேண்டும். பழகிவிட்டால் கை தானாகச் செய்யும். என் தங்கை செல்லத்தின் புருஷன் சுப்பையா அதில் என்னைவிடக் கெட்டிக்காரன். அவன் கை போகிற வேகத்தைப் பார்க்கத் தோட்டத்துப் பிள்ளைகள் கூடி நிற்கும். வாசுதேவநல்லூரிலிருந்து மீசை முளைக்காத வயதில் கப்பலேறி வந்தவன், பால் வெட்டி, வேலையாட்களை மேய்க்கும் தண்டலாகி, கடைசியில் சம்பள லாரிக்குக் காவல் போகிறவனாகவும் ஆனான்.

அந்த லாரியைத்தான் மறித்துச் சுட்டார்கள். கூட இருந்தவர்கள் எல்லாரும் செத்தார்கள். சுப்பையா லாரிக்கடியில் புகுந்து திருப்பிச் சுட்டிருக்கிறான். இரண்டாவது குண்டோ மூன்றாவது குண்டோ, காலித் தோட்டா உள்ளேயே சிக்கிக்கொண்டது. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது சண்டை முடிந்து வெகுநேரம் ஆகியிருந்தது. அவன் அப்போதும் போல்ட்டைத் தூக்கி, இழுத்து, தள்ளி, அமுக்கிக்கொண்டிருந்தான். துப்பாக்கியைப் பிடுங்கிவிட்டோம். கை நிற்கவில்லை. சாப்பிடும்போதும், தூங்கும்போதும், செல்லம் அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழும்போதும் அந்த வலது கை தூக்கி, இழுத்து, தள்ளி, அமுக்கிக்கொண்டே இருந்தது. பேச்சும் நின்றுபோனது.

தோட்டத்து டாக்டர் கையை விரித்தார். குற்றாலத்தில் தலையில் எண்ணெய் தேய்த்து அருவியில் நிறுத்தினால் புத்தி தெளியும் என்று தோட்டத்தில் இருந்த தெற்கத்தியார்கள் எல்லாரும் ஒரே குரலில் சொன்னார்கள். செல்லத்தின் பிள்ளைகள் இரண்டையும் என் மனைவியிடம் விட்டுவிட்டு, நானும் செல்லமும் அவனைக் கூட்டிக்கொண்டு கப்பலேறினோம். கப்பலில் கூட வந்தவர்கள் ஒரு சேதி சொன்னார்கள். திரும்பி வரும்போது நாகப்பட்டினத்தில் ஒரு டாக்டர் எல்லாரையும் பார்ப்பாராம், பெயர், ஊர், பிள்ளைகள் எத்தனை என்று கேட்பாராம், திருதிருவென்று விழித்தால் ஏற்ற மாட்டாராம். திரும்பி வருவதற்கு எங்களிடம் இருந்த பெர்மிட்டுக்கோ ஒரு கெடு இருந்தது. அதற்குள் சுப்பையா தன் பெயரைத் தன் வாயால் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அவன் இந்தக் கரையிலும் பிள்ளைகள் அந்தக் கரையிலும்தான்.

நான் பிறந்தது வளர்ந்தது எல்லாம் தோட்டத்தில். எங்கள் அப்பா அம்மாவுக்கு ஊர் இந்தப் பக்கம் என்றாலும் தென்காசிச் சீமையை நான் பார்ப்பது அதுதான் முதல் தடவை. பார்த்த அழகைச் சொல்கிறேன். திருநெல்வேலியிலிருந்து வந்த பஸ் ஆலங்குளம் தாண்டியதும் டயர் வெடித்தது. அந்தச் சத்தத்தில் சுப்பையா இருக்கையை விட்டுக் கீழே பாய்ந்து, யாருடைய கோழிக்கூடையையோ தள்ளிக்கொண்டு, சீட்டுக்கடியில் போய்ச் சுருண்டான். கோழிகள் பஸ் பூராவும் பறந்தன. கூடைக்காரி சண்டைக்கு வருவாள் என்று நான் தோளை நிமிர்த்திக்கொண்டேன். அவளோ குனிந்து பார்த்துவிட்டு, செல்லத்தின் தலையைத் தடவி, குற்றாலத்துக்குத்தானே போகிறீர்கள், தண்ணீர் உச்சியில் விழுந்தால் எல்லாம் ஓடிப்போகும் என்றாள். சுரண்டைச் சந்தைக்குப் போகிறவளாம். கண்டக்டரும் கோபிக்கவில்லை. சுப்பையாவை வெளியே எடுக்க ஆண்கள் எல்லாரும் சேர்ந்து இழுக்க வேண்டியிருந்தது.

தென்காசியில் இறங்கியதும் காற்று வேட்டியைப் பறித்துக்கொண்டு போகப் பார்த்தது. இடி விழுந்து பிளந்த கோயில் கோபுரம் மொட்டையாக நின்றது. ஊர்க்காரர்கள் அதன் அடியிலேயே நின்று பூ வாங்கிக்கொண்டு, பேசிக்கொண்டு, யாரும் நிமிர்ந்து பார்த்ததாகத் தெரியவில்லை. சாப்பிட நுழைந்த கிளப்புக்கடையில் சொதியும் இஞ்சித் துவையலும் போட்டார்கள். எனக்கு அது அம்மாவின் கை ருசி. இரண்டாவது தடவை சோறு கேட்கும்போதே எதிர்க்கடையில் ஒருவன் சோடாப் பாட்டிலைக் குத்தித் திறந்தான். ‘டப்’ என்றது. சுப்பையா இலையைத் தட்டிவிட்டு மேஜைக்கடியில் போய்விட்டான். என் இலையும் சேர்ந்து போய்விட்டது. அன்றைக்கு நான் ஒரு விஷயம் தெரிந்துகொண்டேன். இந்த நாட்டில் சோடாக்கடை இல்லாத தெரு கிடையாது.

குற்றாலத்தில் அருவிக்குப் போகிற வழியில் ஓர் அறை பிடித்தோம். வீட்டுக்கார அம்மா செங்கோட்டைக்காரி. செங்கோட்டை அப்போது மலையாள ராஜ்யத்தோடு இருந்ததால் அவள் பேச்சில் பாதி அந்தப் பக்கம் போய்விட்டுத் திரும்பும். சீசனுக்கு வருகிறவர்களுக்கு வாடகைக்கு விட்டு வயிற்றைக் கழுவுகிறவள். நல்ல மனுஷி. அதை இப்போதும் சொல்கிறேன். சுப்பையாவைப் பார்த்து முகம் சுளிக்கவில்லை, வேளாவேளைக்கு உளுந்தங்களி கிண்டிக் கொடுத்தாள்.

சாரல் என்று சொல்கிறார்களே, அது எனக்கு ஒத்துவரவில்லை. எங்கள் ஊரில் மழை என்றால் மத்தியானத்துக்குமேல் வரும், கொட்டும், போய்விடும். இங்கே அது பெய்கிறதா இல்லையா என்று அதற்கே முடிவில்லை. வேட்டி காயவில்லை, மெத்தை காயவில்லை, என் சளியும் காயவில்லை. கடைத்தெருவில் ஒருவன் மங்குஸ்தானும் டுரியானும் வைத்துக்கொண்டு, ஏதோ சஞ்சீவி மருந்து விற்கிறவன் மாதிரி விலை சொன்னான். எங்கள் தோட்டத்தில் டுரியான் தலையில் விழாமல் நடந்தால் போதும் என்றிருப்போம். அவனிடம் ஒரு மங்குஸ்தான் வாங்கித் தின்றுவிட்டுப் பழம் சரியில்லை என்று சொன்னேன். பழம் நன்றாகத்தான் இருந்தது. பிள்ளைகள் ஞாபகம் வந்துவிட்ட எரிச்சலில் அப்படிச் சொன்னேன்.

முதல் நாள் அருவியில் நடந்ததை மறக்க முடியாது. எண்ணெய் தேய்க்கிற ஆள் சுப்பையாவைப் பாறைமேல் உட்கார்த்தி, கிண்ணம் நிறைய நல்லெண்ணெயை உச்சியில் ஊற்றி, இரண்டு கையாலும் தட்டித் தட்டித் தேய்த்தார். சுப்பையாவின் கை அதன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. அப்புறம் மெயினருவிக்குக் கீழே கொண்டுபோய் நிறுத்தினோம். தண்ணீர் முதுகில் அறைந்தது. என் காதுக்குள் வேறொரு சத்தமும் இல்லை, பக்கத்தில் நின்றவன் கத்தியதுகூடக் கேட்கவில்லை. சுப்பையாவைத் திரும்பிப் பார்த்தேன். கண்ணை மூடி நின்றிருந்தான். கை தொடையோடு ஒட்டி, சும்மா தொங்கிக்கொண்டிருந்தது.

வெளியே வந்ததும் மறுபடி ஆரம்பித்தது. ஆனாலும் நான் பார்த்ததைப் பார்த்தேன். செல்லம் பெண்கள் பக்கத்திலிருந்து ஈரச் சேலையோடு ஓடிவந்து, நின்னுச்சாமேண்ணே, நின்னுச்சாமே என்று கேட்டாள். அன்றிலிருந்து காலையில் மெயினருவி, சாயங்காலம் ஐந்தருவி என்று வைத்துக்கொண்டோம். அவனுக்குக் குணம் தந்தது தண்ணீரா எண்ணெயா எனக்குத் தெரியாது. அந்த இரைச்சலுக்குள் வேறு சத்தம் நுழைய முடியாது, அதனால்தான் அவனுக்கு நிம்மதி என்று நான் நினைத்துக்கொண்டேன்.

கொஞ்சம் கொஞ்சமாக வெளியிலும் கை நிற்க ஆரம்பித்தது. முதலில் சாப்பிடும் நேரம், பிறகு நடக்கும்போது. ஒரு சாயங்காலம் கடைத்தெருவில் பலூன் சுடும் கடை போட்டிருந்தார்கள். தகரப் பலகையில் வரிசையாகப் பலூன், முன்னால் ஒரு காற்றுத் துப்பாக்கி. நான் சுப்பையாவை அந்தப் பக்கம் திருப்பாமல் கூட்டிப்போகப் பார்த்தேன். அவன் நின்றுவிட்டான். முன்னால் ஒரு ஆள் சுட, பலூன் வெடித்தது. நான் அவன் தோளைப் பிடித்துக்கொண்டேன். அவன் கீழே பாயவில்லை. துப்பாக்கியை, பலூனை, சுடுகிறவனை மாறிமாறிப் பார்த்துக்கொண்டு நின்றான்.

எனக்குள் இருந்த சபலம் சும்மா இருக்குமா. காசு கொடுத்து நானும் வாங்கினேன். ரைபிள் பிடித்த தோளுக்கு அது குழந்தை விளையாட்டுச் சாமான், குழலை மடக்கி, பயறு மாதிரி ஒரு ஈயக்குண்டைச் சொருகிச் சுட வேண்டும். குறிபார்த்துச் சுட்டேன். படவில்லை. மறுபடி சுட்டேன். அதுவும் படவில்லை. கடைக்காரன் பல்லைக் காட்டினான். மலாயாவில் சர்க்கார் துப்பாக்கி பிடித்தவன் நான் என்று அவனிடம் சொல்லலாமா என்று யோசித்தபோது பின்னாலிருந்து குரல் வந்தது.

“வலப்பக்கம் இழுக்கு, மச்சான்.”

அது சுப்பையாவின் குரல். எத்தனையோ மாதமாகக் கேட்காத குரல். நான் துப்பாக்கியை இடப்பக்கம் கொஞ்சம் தள்ளிப் பிடித்துச் சுட்டேன், பலூன் வெடித்தது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டதால் அதை நான் சரியாகப் பார்க்கக்கூட இல்லை. செல்லத்திடம் சொல்ல ஓடினேன். அவள் நம்பவில்லை. இராத்திரி சாப்பாட்டில் உப்பு கேட்டான், அப்போதுதான் நம்பினாள்.

அவனுடைய அண்ணன் முத்தையா அண்ணாச்சியைப் பார்த்துவிட்டு வரலாம் என்று வாசுதேவநல்லூருக்குப் போனோம். மலையடிவாரத்தில் கடலை போட்டிருந்தார். பன்றிக்காகச் சர்க்கார் அனுமதியோடு ஒரு நாட்டுத் துப்பாக்கி வைத்திருந்தார். உளுந்தம்பருப்புச் சோறும் எள்ளுத் துவையலும் கோழிக் குழம்புமாகச் சாப்பாடு அமர்க்களப்பட்டது. தம்பியைக் கட்டிக்கொண்டு அழுதார். அழுது முடித்ததும் என்னைத் தனியாகத் தோட்டத்துப் பக்கம் கூட்டிப்போனார்.

“மச்சான், கோவிச்சுக்கிடாதீய. இவனை இங்கன விட்டுட்டுப் போயிராதீய. ஒரு நாள் ரெண்டு நாள்னா பாக்கலாம். காலம் பூரா யாரு பாக்கது?” என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. மனுஷர் சொன்னதில் தப்பும் இல்லை. அவர் வீட்டிலேயே வாய்கள் நிறைய. விடமாட்டோம், கூட்டிக்கொண்டுதான் போவோம் என்றேன். பேச்சை மாற்றத்தான் துப்பாக்கியைக் கேட்டேன். அது என்னைவிட உயரம். வாய்வழியாகக் கரிமருந்தைக் கொட்டி, தேங்காய் நாரை அடைத்து, இரும்புக் கம்பியால் குத்திக் குத்தி இறுக்கி, ரவையைப் போட்டு, மறுபடி நார் அடைத்து, மறுபடி குத்த வேண்டும். இந்த வேலையெல்லாம் முடிவதற்குள் பன்றி பாதிக் கடலையைத் தின்றுவிட்டு வீட்டுக்குப் போயிருக்கும் என்றேன். அண்ணாச்சிக்குச் சிரிப்பு வரவில்லை.

சுப்பையா கிணற்றடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். சுடப்போகிறோம் மாப்ளே, காதைப் பொத்திக்கொள் என்று முன்கூட்டியே சொன்னேன். பொத்திக்கொண்டான். விசையை இழுத்தேன். முதலில் புஸ் என்றது, பிறகுதான் வெடித்தது. அந்த இடைவெளியில் நான் குறியை விட்டுவிட்டேன். புகை கலைய வெகுநேரம் ஆனது. ஒரு பனைமரத்துக்கு மட்டும் காயம். புகைக்கு அந்தப் பக்கம் சுப்பையா நின்ற இடத்திலேயே நின்றான். உதடு நடுங்கியது, கை இரண்டு தடவை தூக்கி இழுத்தது, அப்புறம் நின்றது. எனக்கு அப்போது புரிந்தது. கண்ணுக்குத் தெரிகிற வெடியை, சொல்லிவிட்டு வெடிக்கிற வெடியை இவன் தாங்கிக்கொள்வான். சொல்லாமல் எங்கிருந்தோ வருவதுதான் இவனை அடிக்கிறது.

அதைச் செல்லத்திடம் விளக்கிச் சொல்லவேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. அவளுக்குத்தான் என்னைவிட அவனைத் தெரியுமே என்றிருந்துவிட்டேன்.

பிறகு பாடம் ஆரம்பித்தோம். குளித்துவிட்டு வந்ததும் நான் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்காருவேன். நான்தான் நாகப்பட்டினத்து டாக்டர். செல்லமும் சுப்பையாவும் வரிசையில் நிற்கிற பயணிகள். நான் உரக்கப் பெயரைக் கூப்பிடுவேன். கூப்பிட்டதும் சுப்பையா சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு, ஓரடி முன்னால் வந்து, நிமிர்ந்து நின்று பதில் சொல்ல வேண்டும். முதல் நாட்களில் பெயர் காதில் விழுந்தும் அசையாமல் நின்றான். நான் கத்துவேன். செல்லம் முந்தானையை வாயில் வைத்துக்கொள்வாள். அப்புறம் ஒரு நாள் முன்னால் வந்தான். அதற்கடுத்து, ஆமா சார், சுப்பையா என்றான். சீசன் முடிகிற சமயத்தில் ஊர், தோட்டம், இரண்டு பிள்ளைகளின் பெயர்கள் எல்லாம் மடமடவென்று வந்தன. ஒரு தடவை என்னைப் பார்த்து, டாக்டருக்குக் கண்ணாடி பொருந்தல என்றுகூடச் சொன்னான். செல்லம் சிரித்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். ஊருக்குப் போய்ப் பிள்ளைகளிடம் இதை எப்படிச் சொல்வது என்று நாங்கள் மூவரும் பேசிக்கொண்டிருந்தோம்.

கிளம்புவதற்கு முன்னால் செங்கோட்டைப் பக்கம் ஒரு சாஸ்தா கோயிலுக்குப் போக வேண்டும் என்றாள் செல்லம். வீட்டுக்கார அம்மா சொல்லி ஒரு நேர்ச்சை நேர்ந்திருக்கிறாளாம். புத்தி தெளிந்தவர்கள் நேர்ச்சையைச் செலுத்தாமல் ஊர் தாண்டினால் சாமி கொடுத்ததைத் திரும்ப எடுத்துக்கொள்ளுமாம். பாயசமோ தேங்காயோ ஏதோ ஒன்று என்று நினைத்தேன். நேர்ச்சை என்ன என்று நான் கேட்கவுமில்லை, அவள் சொல்லவுமில்லை. வண்டி பிடித்துப் போனோம்.

அழகான இடம். தேக்கு மரங்கள், ஓட்டுக் கூரை, பிரகாரம் முழுக்க மணல். கூட்டமே இல்லை. சாமி கும்பிட்டுவிட்டுச் சுப்பையா ஒரு படியில் உட்கார்ந்து வாழைப்பழம் தின்றுகொண்டிருந்தான். கால் வலிக்கிறதா மச்சான் என்று என்னைக் கேட்டான். செல்லம் கோயில் ஆளிடம் ஏதோ சொல்லிக் காசைக் கொடுத்துவிட்டு, வந்து எங்கள் பக்கத்தில் நின்றாள். அவள் முகத்தில் அப்படியொரு நிறைவு.

பின்பக்கத்திலிருந்து ஓர் ஆள் உரக்கக் கூவினான்.

“சுப்பையா, சதய நட்சத்திரம். வெடி மூணு.”

அந்தப் பக்கத்துக் கோயில்களில் அது ஒரு வழிபாடு. இரும்புக் குழாயில் மருந்தை இறுக்கி மண்ணில் நட்டு, நேர்ந்துகொண்டவர் பெயரைச் சாமிக்குக் கேட்கிற மாதிரிச் சொல்லித் தீ வைப்பார்கள். இதெல்லாம் எனக்குப் பிற்பாடு தெரிந்தது. சுப்பையாவுக்குத் தெரிந்தது ஒன்றுதான். யாரோ அவன் பெயரைக் கூப்பிட்டார்கள். பழத்தைக் கீழே வைத்தான். எழுந்தான். சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டான். குரல் வந்த திசையில் முன்னால் போய், நிமிர்ந்து நின்றான்.

“ஆமா சார், சுப்பையா. சொந்த ஊர் வாசுதேவநல்லூர். பிள்ளைக ரெண்டு…”

நான் ஓடினேன். பாதி தூரம்கூடப் போகவில்லை, முதல் வெடி வெடித்தது. பீரங்கிச் சத்தம் நான் கேட்டதில்லை, அது அப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். மரத்திலிருந்த பறவையெல்லாம் எழுந்தது. அவன் மணலில் குப்புற விழுந்துகிடந்தான். நான் அவன்மேல் விழுந்து காதைப் பொத்தினேன். இரண்டாவது வெடித்தது. நிறுத்துங்கள் என்று நான் கத்தியது அங்கே எவனுக்கும் கேட்கவில்லை. மூன்றாவதும் வெடித்தது. எனக்கு அடியில் அவன் வலது கை மணலைத் தூக்கி, இழுத்து, தள்ளிக்கொண்டிருந்தது. வேட்டி நனைந்திருந்தது.

செல்லத்தைப் பார்த்து வாயில் வந்தபடி ஏசினேன். அறிவிருக்கிறதா உனக்கு, அவனை எது இந்தக் கதிக்கு ஆக்கியது என்று தெரியாதா என்றெல்லாம் கேட்டேன். அவள் நின்ற இடத்திலேயே நின்றாள்.

“சாமி வெடிதானேண்ணே,” என்றாள். “துப்பாக்கி இல்லியே.”

அதற்குமேல் என்னால் ஏச முடியவில்லை. அவளுக்கு அது வெடியாகவே படவில்லை. மணி அடிப்பது, கற்பூரம் கொளுத்துவது போல அதுவும் ஒன்று. அவன் நன்றாக ஆனதற்கு நன்றி சொல்லத்தான் அவள் அங்கே வந்திருந்தாள். நன்றி சொல்லாமல் போனால் பறித்துக்கொள்ளும் என்று பயந்து வந்திருந்தாள். நான் மணலில் உட்கார்ந்து சின்னப் பிள்ளை மாதிரி அழுதேன்.

மறுபடி அருவிக்குக் கூட்டிப்போனோம். எந்த இரைச்சலுக்குள் அவன் நிம்மதியாக நின்றானோ, அந்த இரைச்சலைக் கேட்டதுமே தரையில் உட்கார்ந்துவிட்டான். ஒரு அடி எடுத்து வைக்கவில்லை. எண்ணெய் தேய்க்கிறவர் வந்து கையைப் பிடித்தார், அவர் கையைக் கடித்தான். தண்ணீரும் குறைந்துகொண்டு வந்தது. சீசன்காரர்கள் ஒவ்வொருவராக மூட்டை கட்டினார்கள். பலூன் கடையையும் பிரித்துக்கொண்டு போய்விட்டார்கள். நான் நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, அவன் பெயரைக் கூப்பிட்டுப் பார்த்தேன். பெயரைக் கேட்டாலே போதும், கட்டிலுக்கடியில் போய்விட்டான். அதற்குப் பிறகு அந்த வீட்டில் யாரும் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. வீட்டுக்கார அம்மா எங்கள் கண்ணில் படாமல் களியை வாசலில் வைத்துவிட்டுப் போவாள்.

பெர்மிட்டின் கெடு நெருங்கியது. எப்படியாவது மறைத்துக் கூட்டிக்கொண்டு போவோமா என்று யோசித்தோம். டாக்டர் இவன் பெயரைக் கேட்டதும் அங்கேயே தரையில் விழுவான், போலீஸைக் கூப்பிட்டு எங்காவது அடைத்துவிட்டால் அப்புறம் கண்ணில்கூடப் பார்க்க முடியாது என்றாள் செல்லம். அவள் சொன்னதுதான் எனக்கும் சரியாகப் பட்டது. முத்தையா அண்ணாச்சிக்குச் சொல்லியனுப்பினோம். வந்து பார்த்தார், ஒரு மூட்டைக் கடலையை வைத்துவிட்டுப் போனார்.

நீயாவது வா, பிள்ளைகள் இருக்கிறார்களே என்று செல்லத்திடம் கெஞ்சினேன்.

“பிள்ளைகளுக்கு நீ இருக்க, மதினி இருக்கா. இவுகளுக்கு யாருண்ணே இருக்கா?” என்றாள்.

இந்தக் கெடு தாண்டினால் பிறகு அவள் திரும்பி வருவது எந்தக் காலத்திலோ. அது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். பிள்ளைகள் கேட்டால் என்ன சொல்லட்டும் என்றேன். அப்பா இன்னும் அருவியில குளிச்சிக்கிட்டு இருக்காவன்னு சொல்லு என்றாள். வீட்டுக்கார அம்மா வாடகை இல்லாமலே அவர்களை வைத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தாள். செல்லமும் அவளோடு சேர்ந்து களி கிண்டிக் கொடுப்பாளாம்.

தென்காசி வரைக்கும் பஸ்ஸில் தனியாக வந்தேன். ரயிலுக்கு நேரம் இருந்தது. அதே கிளப்புக்கடையில் சொதி போட்டார்கள். வாயில் வைத்தேன், இறங்கவில்லை. எதிர்க்கடையில் சோடா உடைக்கிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. ஒவ்வொன்றுக்கும் என் உடம்பு தூக்கிப்போட்டது. துப்பாக்கி சுடப் பிடிக்கும் என்று இந்தக் கட்டுரையின் ஆரம்பத்தில் எழுதினேனே, அதை அடித்துவிடலாமா என்று இப்போதும் யோசிக்கிறேன். உண்மையை ஏன் அடிக்க வேண்டும், இருந்துவிட்டுப் போகட்டும்.

நாகப்பட்டினத்தில் வெயில் மண்டையைப் பிளந்தது. வரிசை மதில்சுவர் நெடுகப் போய்த் திரும்பியது. எனக்கு முன்னால் ஒரு கிழவர், அவருக்கு முன்னால் கைக்குழந்தையோடு ஒரு பெண். நான் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டேன். பெயர், ஊர், தோட்டம் எல்லாவற்றையும் மனசுக்குள் ஒருதரம் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். உள்ளே ஒரு மேஜை, மேஜைக்குப் பின்னால் டாக்டர். வாயில் வெற்றிலை. முகத்தை நிமிர்த்தவில்லை. கிழவரின் சட்டைக் கையை ஒரு ஆள் தூக்கிக் காட்டினான், அம்மை குத்திய தழும்பைப் பார்த்து முத்திரை குத்தினார், கிழவர் போனார். நான் போய் நின்றேன். என் கையைத் தூக்கினான். தழும்பைப் பார்த்தார். முத்திரை குத்தினார்.

அவ்வளவுதானா என்று கேட்டேன். அவ்வளவுதான், போ என்றான் அந்த ஆள். பின்னால் நின்றவர்கள் என்னைத் தள்ளினார்கள். நான் நகராமல் மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். டாக்டர் அப்போதும் நிமிரவில்லை. அவர் என் பெயரைக்கூடக் கேட்கவில்லை.